கிரகணத்துக்கு வெட்டிய படம்

என் வீட்டுக்காரர் ஐசக்குக்கு இல்லையென்று சொல்ல வராது. தொண்ணூற்றைந்தில், தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம் வந்தபோது, கண்ணுக்கு மறைப்பாக வைத்துப் பார்க்கத் தன் நெஞ்சு எக்ஸ்ரேயையே கத்தரித்து ஆம்பூரில் எங்கள் தெருவுக்கெல்லாம் பங்கு வைத்த தானப்பிரபு அவர். ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேரும்போது எடுத்த படம் அது. நுரையீரல் இருக்கிற பக்கம்தான் நல்ல கறுப்பு என்று அந்தத் துண்டுக்கு ஏக அடிதடி.

மூன்று வருஷம் கழித்து அவருக்கு இருமல் பிடித்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் புதிதாக எடுத்த படத்தில், வலது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாக ஒரு புள்ளி.

“பழைய படம் இருக்கா?” என்று கேட்டார் டாக்டர் ஆதிகேசவன். “அதுலயும் இதே இடத்துல இது இருந்தா ஆறின தழும்பு, பயமில்ல. அப்போ இல்லாம இப்போ வந்திருந்தா, கட்டியான்னு பார்த்தாகணும்.”

“இருந்துச்சு சார். தெருவுக்கு தானம் பண்ணிட்டாரு” என்றேன்.

சோறு தண்ணி மறந்து வீடு வீடாக ஏறி இறங்கினேன். மற்ற துண்டுகள் கிடைத்தன. வேண்டிய துண்டு எதிர்வீட்டு அஃப்ஸர் ஜஹானின் தையல் மெஷின் டிராயரில் இருந்தது. ஐசக்தான் போய் வாங்கினார். வாங்கியவர் மாடிக்குப் போய், வெகுநேரம் கழித்து இறங்கி வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

“பாரு கிருபா, அப்பவே இருக்குது.”

இருந்தது. முழங்கால் போட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அன்றைக்கே கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க ஆளும் சொல்லிவிட்டேன்.

டாக்டர் விளக்குப் பெட்டியில் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, விலா எலும்போடு விலா எலும்பு சேரும்படி ஒட்டவைத்தார். பிறகு அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்து, சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். நகத்தால் தடவினார்.

“இது நெஞ்சுல இருந்த புள்ளி இல்லம்மா. படத்து மேல இருக்கற கறுப்புப் பூச்ச யாரோ சுரண்டியிருக்காங்க. படத்துக்கு ரெண்டு பக்கமும் பூச்சு உண்டு, பின்பக்கப் பூச்சு அப்படியே இருக்கு. அதுல இந்த இடம் சுத்தமா இருக்கு.”

சுத்தமாக இருக்கிறது என்ற சொல்லைக் கேட்டு அப்படி நடுங்குவேன் என்று நான் நினைத்ததில்லை. அஃப்ஸர் ஜஹான் வீட்டுப் பிள்ளைகளைத் திட்ட வாயெடுத்தேன்.

“அவங்க இல்ல. நான்தான், பிளேடால” என்றார் ஐசக். என்னைப் பார்க்காமல் டாக்டரிடமே சொன்னார். “இவ சரியா சாப்பிட்டு ஒரு வாரம் ஆச்சு சார். கிறிஸ்துமஸ் வரைக்குமாவது சாப்பிடட்டும்னு... உங்ககிட்ட தனியா சொல்லிடலாம்னுதான் இருந்தேன். கூடவே வந்துட்டா.”

அறையத்தான் கையை ஓங்கினேன். அந்த மனுஷன் விலகக்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டார். ஓங்கிய கையை அவருடைய வலது மார்பின்மேல் வைத்து, டாக்டர் இருக்கிறார் என்றும் பாராமல், ஓவென்று அழுதேன்.