பெர்லித்தா வீட்டுத் தண்ணீர்

கம்ப்யூட்டர் இருக்கிற வீட்டுக்குள் வெள்ளம் நுழையாது என்பது மணிலாவை ஒட்டிய நவோத்தாஸ் கரையோரக் குடியிருப்பில் முதலில் பேலென் வீட்டில்தான் தெரியவந்தது. ஆகஸ்ட் மாதம், பகல் பதினோரு மணி, கடல் ஏறும் நேரம். தெருவில் முழங்காலளவு வந்த தண்ணீர் அவள் வாசலோடு நின்றுகொண்டது. கதவு திறந்துதான் கிடந்தது. கண்ணாடிபோல் செங்குத்தாக நின்ற தண்ணீருக்குள் ஒற்றைச் செருப்பும் இரண்டு பால்கெண்டைக் குஞ்சுகளும் அலைய, உள்ளே காய்ந்த தரையில் பேலெனின் மகள் திரையில் நடந்த பின்னக் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரைக் கொடுத்தவள் பெர்லித்தா. நாணயம் போட்டால் ஓடும் ஆறு கம்ப்யூட்டர்களை வைத்துக் கடை நடத்திய விதவை. கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிக்கூடம் திரைக்குள் போனது, கடையைப் பூட்டச் சொன்னார்கள். பிள்ளைகள் கம்பிக்கு வெளியே நின்று வெற்றுத் திரைகளைப் பார்ப்பது பொறுக்காமல், நாணயப் பெட்டிகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஆறையும் ஆறு வீடுகளுக்குக் கொடுத்தாள். பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியர் அன்செல்மோவைச் சேர்த்துக்கொண்டு, ஜன்னல் என்று பொருள்படும் ‘பிந்தானா’ என்ற சங்கத்தைப் பதிவுசெய்தாள். அலுவலகங்கள் கழித்துப்போட்டதை வாங்கிவந்து பழுதுபார்த்து இலவசமாகக் கொடுத்தார்கள். ஓராண்டில் நாற்பது வீடுகளின் தரை காய்ந்தது.

நுழையாத தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போனது. குடியிருப்பில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். கொடுக்கக் கொடுக்க, கிடைக்காத வீடுகளில் முழங்கால் தண்ணீர் இடுப்பளவாகி, மார்பளவாகியது. பேலெனின் பக்கத்து வீட்டுத் தேலியாவுக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் பட்டியலில் கடைசி. அடுத்த செப்டம்பரில் ஒரு நண்பகல், பக்கவாதத்தில் கிடந்த அவள் மாமனார் குலாஸ் கட்டிலோடு மூழ்கிப்போனார். தேலியா மீன் சந்தையிலிருந்து வருவதற்குள் முடிந்துவிட்டது. அவள் வீடு ஈரம் என்பதால் சவப்பெட்டியைப் பேலென் வீட்டில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, ஊர் வழக்கப்படி காப்பியும் சீட்டாட்டமுமாக ஐந்து நாள் துக்கம் காத்தார்கள்.

“வாங்கக்கா, உக்காருங்க. இங்க தரை நல்லாக் காஞ்சிருக்கு,” என்றாள் தேலியா, துக்கத்துக்கு வந்த பெர்லித்தாவிடம். “உங்க புண்ணியத்துல எங்க மாமா மிதந்துட்டாரு.”

“எனக்குத் தெரியாதுடி.”

“இப்பத் தெரியுமில்ல?”

எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடலாம் என்றார் அன்செல்மோ. பெர்லித்தா பேலென் வீட்டுக்குப் போய் ஒயரைக்கூடப் பிடுங்கிவிட்டாள். சிறுமி அழவில்லை. எழுந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்து, இனித் தண்ணீர் வருமே என்று, எட்டி உத்தரத்தில் செருகினாள். பெர்லித்தா ஒயரை மறுபடி மாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

அதன்பின் எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிடுவதென்று, பழைய கம்ப்யூட்டர் கேட்டு மூன்று ஆண்டுகள் மணிலா முழுக்க அலுவலக வாசல்களில் ஏறி இறங்கினாள். அதற்குள் இன்னும் நான்கு பேரைத் தண்ணீர் கொண்டுபோனது. ஒவ்வொரு துக்கத்துக்கும் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளுக்குக் காப்பி கொடுக்கவில்லை. முடிவில் தேலியா வீடு மட்டும் மிஞ்சியது. கைவசம் இருந்ததோ கடிதம் எழுதப் பெர்லித்தா தனக்கென்று வைத்திருந்த ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“வேணாங்கா. இதையும் குடுத்துட்டா மொத்தத் தண்ணியும் எங்க போகும்னு யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன். நீ ஒயரை மாட்டு.”

“உங்களுக்கு இன்னொண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே?”

“வாங்கினா தண்ணி அடுத்த குடியிருப்புக்குப் போகும். அங்கயும் யாராவது கட்டில்ல கெடப்பாங்க.”

அன்று பகல் மூன்று மணிக்கு நூற்றுப் பதினோரு வீடுகளின் தண்ணீரும் பெர்லித்தாவின் வீட்டுக்குள் போனது. கூரைத் தகரத்தைத் தள்ளிவிட்டு, நான்கு சுவருக்கு நேராக, தென்னை உயரத்துக்கு எழுந்து நின்றது. கடல் இறங்கிய பிறகும் அது இறங்கவில்லை. அவள் வெளியே வரவில்லை. தைவானில் வேலை பார்த்த மகன் ரோமெல் ஓடிவந்து பார்த்தபோது, தலைமுடி மேல்நோக்கி அலைய ஓடாமல் கிடந்த ஒரு கம்ப்யூட்டரின் முதுகைத் திருகிக்கொண்டிருந்தாள். “அம்மா!” என்று கத்தினான். இரு, வேலையாக இருக்கிறேன் என்பதுபோல் கை காட்டினாள். அடக்கப் பூசை வைப்பதா என்று இரண்டு நாள் யோசித்த பாதிரியார், வேலை செய்துகொண்டிருப்பவருக்கு வைக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார். விடுப்பு முடிந்து ரோமெல் திரும்பிப் போனான்.

இப்போது சங்கத்துக்கு வரும் பழைய கம்ப்யூட்டர்களைத் தேலியாதான் அந்தத் தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறாள். ஒரு வாரத்தில் அவை சரியாகி வாசலுக்கு வந்துவிடுகின்றன. வெள்ளம் வராத மேட்டு ஊர்க்காரர்களுக்கு மட்டுமே கொடுக்கிறாள். வாங்க வருகிறவர்களிடம் ஒரு துண்டை நீட்டி, “நல்லாத் தொடச்சுட்டுப் போடுங்க, உப்பா இருக்கும்,” என்கிறாள். அவர்கள் துடைத்து, ஜீப்னி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.