நிலை வைத்த காலை

அலறிக்கொண்டு சந்துக்குள் நுழைந்த ஆட்டோ நிற்பதற்கு முன்பே, பூவும் மஞ்சளும் நிறைந்த தாம்பாளத்தோடு ஒரு பெண்மணி குதித்து இறங்கினாள்.

"யாரு வெச்சது நிலைய?"

மஹதியின் கையிலிருந்த கரண்டி சிமெண்ட் சட்டியில் விழுந்தது. வைத்தது அவள்தான். அவளும் பிரணவும், உடன் வந்த கல்லூரித் தோழர்களும்.

செமஸ்டர் விடுமுறையில், சந்திரிகாவின் வீட்டைக் கட்டித் தர கோட்டூர்புரத்துக்கு வந்த கூட்டம் அது. ஒழுகும் ஷீட் கொட்டகையைப் பிரித்துவிட்டு, ஒரு தொண்டு நிறுவனம் தந்த கல்லையும் சிமெண்டையும் வைத்துச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ரகுபதி அன்று தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தார். கதவு நிலையோ காலையிலேயே வந்து இறங்கிவிட்டது. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று இவர்களே தூக்கி நிறுத்தி, தூக்குக் குண்டு விட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்து, சிமெண்டில் பதித்துவிட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு நாள் பார்ப்பார்கள், பூஜை போடுவார்கள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. மஹதி மந்தைவெளியில் அபார்ட்மெண்டில் வளர்ந்தவள். அவள் அறிந்த வாசல்கள் எல்லாம் பில்டர் வைத்துக் கொடுத்தவை.

வந்தவள் தங்கபுஷ்பம், சந்திரிகாவின் நாத்தனார். பின்னாலேயே புது வேட்டியில் இறங்கியவன் சந்திரிகாவின் கணவன் ஜவஹர். வீட்டை விட்டுப் போய் வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காதவன். வீடு எழும்புகிறது என்றதும் வந்துவிட்டான் என்று குழாயடியில் பேசிக்கொண்டதை மஹதி கேட்டிருந்தாள்.

"வூட்டுக்காரன் கையால நிக்கவேண்டிய நிலைம்மா இது," என்றாள் தங்கபுஷ்பம். "அப்பத்தான இது யாரு வூடுன்னு நாலு பேருக்குத் தெரியும்? ஈரம் காயல. எடுத்துடுங்க. நல்ல நேரத்துல என் தம்பி வெப்பான்."

பிரணவ் மஹதியின் காதருகே குனிந்தான். "மச்சி, போட்டோவ குரூப்ல போட்டுட்டேன்."

ஜவஹர் அரைச் சுவருக்குள் நடந்து, கட்டில் எந்தப் பக்கம் வரும் என்று கையை விரித்து அளந்துகொண்டிருந்தான்.

அடையாறில் சமையல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள் சந்திரிகா. வந்தவள் நிலையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். மறுபடி நிலையைப் பார்த்தாள். முகத்தில் கோபமா வருத்தமா, ஒன்றும் பிடிபடவில்லை.

மஹதிக்கு அழுகை முட்டியது. நல்லது செய்கிறோம் என்று கிளம்பி, ஒருத்தியின் வீட்டை அபசகுனத்தோடு தொடங்கி வைத்தாயிற்று. நாளைக்கு அங்கே யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் இன்றைய காலையைத்தான் சொல்வார்கள். தெரியாமல் செய்துவிட்டோம், இப்போதே எடுத்துவிடுகிறேன் என்று கடப்பாரையைத் தூக்கி நிலையின் அடியில் கொடுத்தாள்.

ஒரு நெம்பு நெம்பினால் போதும். ஆனால் கை நின்றது.

ஜன்னல் எங்கே என்று தீர்மானித்தவர் இன்ஜினியர். என்ன வண்ணம் என்று முடிவு செய்தது தொண்டு நிறுவனம். நிலையை இவர்கள் வைத்தார்கள். எடுக்கச் சொல்வது நாத்தனார். எல்லாவற்றுக்கும் தலையாட்டி, டீ போட்டுக் கொடுத்த சந்திரிகாவிடம் இதுவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

"அக்கா, நீங்க சொல்லுங்க. எடுக்கட்டுமா?"

"அவள இன்னா கேக்கற?" என்றாள் தங்கபுஷ்பம்.

சந்திரிகா வந்து கடப்பாரையை மஹதியின் கையிலிருந்து வாங்கினாள். அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் நிலையில் ஒட்டியிருந்த சிமெண்டைத் துடைத்தாள். பிறகுதான் திரும்பினாள்.

"பழைய வூட்டுக் கதவ உங்க தம்பி ஒதைச்சே ஒடச்சாரு, அண்ணி. இதுல அவரு கை வெக்க வேணாம்."