திருத்திய தாளின் கடைசி வரி

ரொனால்டு வாதாடும்போது கையிலிருக்கிற புத்தகத்தையோ தாளையோ தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவான். சட்டக் கல்லூரிக் காலத்திலிருந்தே இருக்கிற பழக்கம். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று காலை திண்டுக்கல் நீதிமன்றத்தில், என் கட்சிக்காரர் கருப்பம்மாள் அக்காவின் வழக்கில், அதைத்தான் செய்தான்.

எரியோடு ஊருக்கு அந்தப் பக்கம் அக்காவுக்கு ஒரு மல்லிகைத் தோட்டம். ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருந்த நிலம் அது. பின்பாதியை அக்கா வாங்கினார். பிறகு முன்பாதியை ரொனால்டின் கட்சிக்காரரான டவுன்காரர் ஒருவர் வாங்கி, அதன் வழியே அக்காவின் தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதையைக் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். அக்காவின் பத்திரத்தில் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பூப்பறிக்கிற பெண்கள் உள்ளே வர முடியவில்லை, பறித்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. செடியிலேயே பூ விரிந்து கருகுகிறது. வேலியைத் திறக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வேண்டும், அதுவும் உடனே வேண்டும்.

"பத்திரத்தில் சொல்லாத பாதையை அப்புறம் கேட்க முடியாது. விளக்கவுரையே சொல்லுது, யுவர் ஆனர்" என்றான் ரொனால்டு. அவன் கையில் இருந்தது எங்கள் வக்கீல் சங்க நூலகத்துச் சட்ட விளக்கவுரையிலிருந்து எடுத்த ஒரு தாளின் நகல்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அந்தக் கருத்தை மேல்கோர்ட் மாத்தி ரொம்ப நாளாச்சு" என்றேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "எந்தத் தீர்ப்பும்மா?"

பெயர் தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. அதே விளக்கவுரையில் படித்த ஞாபகம் மட்டும் இருந்தது.

"அவர் தாளைக் காட்டுறார், நீங்க ஞாபகத்தைக் காட்டுறீங்க. மத்தியானம் கொண்டாங்க. எந்தத் தேதி வரைக்கும் திருத்துன பக்கம்னு சேர்த்துச் சொல்லணும். ரெண்டு பேரும்தான்" என்றார்.

அந்த விளக்கவுரை தைத்த புத்தகம் இல்லை. கம்பி வளையத்தில் கோத்த தாள்கள். சட்டம் மாற மாறப் புதுத் தாள்கள் தபாலில் வரும். பழையதை உருவிவிட்டுப் புதியதைக் கோக்க வேண்டும். ஒவ்வொரு தாளின் அடியிலும் எந்தத் தேதி வரை திருத்தியது என்று அச்சிட்டிருக்கும். பழைய வழக்குகளுக்கு அன்றைக்கு இருந்த சட்டம் தேவைப்படும் என்பதால், உருவிய தாள்களை நூலகர் சிலுவைமுத்து அண்ணன் ஒரு துணியில் கட்டி அலமாரிக்கு மேல் வைத்திருப்பார்.

நூலகத்துக்கு ஓடினேன். விளக்கவுரை பைண்டரைத் திறந்தால், ரொனால்டு காட்டிய அதே வாசகம் அப்படியே இருந்தது. எனக்குப் பகீரென்றது. மேலேயும் கீழேயும் புரட்டினேன். அப்போதுதான் அடித்தேதி கண்ணில் பட்டது. பக்கத்துத் தாள்கள் எல்லாம் போன வருடத்தவை, இது மட்டும் அரதப் பழசு.

"அண்ணே, இந்தத் தாளை யாரு தொட்டா?"

"யாரு தொடலன்னு கேளும்மா. பழசையும் புதுசையும் ஒப்பிட்டுப் பாக்குறேன்னு ரெண்டையும் உருவிட்டுப் போறாக. வந்து அவுகளே கோத்துட்டும் போறாக."

"எந்தத் தாளை எங்க கோக்குறதுன்னு கூடவா தெரியல? வக்கீலுகளாம் வக்கீலுக."

"என்னை ஏம்மா வையுற?"

அவர் சொன்னதும் சரிதான். ஸ்டூலில் ஏறி மூட்டையை இறக்கினேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. பழைய தாள்களுக்கு நடுவே எனக்கு வேண்டிய புதுத் தாள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. யாரோ புண்ணியவான் இடம் மாற்றி வைத்திருக்கிறார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற சங்கம் எங்கள் சங்கம்.

தாள் எனக்குச் சாதகமாகத்தான் பேசியது. பத்திரம் பாதையைப் பற்றிப் பேசாவிட்டாலும் உரிமை போய்விடாது என்று தீர்ப்பின் பெயரோடு போட்டிருந்தது. ஆனால் பத்தியின் கடைசி வரி என் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டது: சுற்றுவழியாக இருந்தாலும், பயன்படுத்தக்கூடிய வேறு பாதை இருந்தால் இந்த உரிமை கிடையாது.

வராந்தாவில் நின்ற அக்காவிடம் கேட்டேன். "வேற பாதை எதுவும் இருக்காக்கா?"

"கம்மாக்கரை மேல ஒண்ணு இருக்கு தாயி. கோடையில நடந்து வரலாம். இப்ப முழங்காலு சேறு, ஆடு கூட போகாது. ஏன் கேக்குற?"

சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அவுக கேட்டாங்களா?"

"இல்ல."

"பெறகு எதுக்கு நாமளா வாயைக் குடுக்கணும்?"

எனக்கும் ஆசைதான். ரொனால்டிடம் இருப்பது பழைய தாள், அதில் இந்த வரியே கிடையாது. பாதிப் பத்தியை வாசித்துவிட்டு உட்கார்ந்தால் சாயங்காலமே வேலி திறந்துவிடும். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எனக்கு வராது. கோபம்தான் வந்தது. அக்கா மேல் இல்லை, அந்த வரி மேல்.

மத்தியானம் எழுந்து விளக்கவுரையின் பெயர், பத்தி எண், திருத்திய தேதி மூன்றையும் சொன்னேன். வாசித்தேன். கடைசி வரியையும் குரலைத் தாழ்த்தாமல் வாசித்தேன். ரொனால்டு தன் நகலின் அடியைப் பார்த்தான், முகம் வெளிறியது. ஆனால் தன் கட்சிக்காரரிடம் குனிந்து ஏதோ கேட்டுவிட்டு, அடுத்த நிமிடமே பிடித்துக்கொண்டான். "கண்மாய்க்கரையில பாதை இருக்கு, யுவர் ஆனர். அவங்க வாசிச்ச வரிப்படியே மனு நிக்காது."

"அது பாதையா, சேறான்னு கோர்ட்டே ஆள் அனுப்பிப் பாக்கட்டும்" என்றேன்.

இன்றே நேரில் பார்த்து நாளைக் காலை அறிக்கை தரும்படி வக்கீல் முகேஷ்குமாரை ஆணையராகப் போட்டார் நீதிபதி. வெளியே வந்ததும் ரொனால்டு சிரித்தான். "சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்ட ஏஞ்சலின்."

"நீ முதல்ல அடித்தேதியைப் பாத்துப் பழகு" என்றேன். அக்கா என்னிடம் பேசாமலே பஸ் ஏறிப்போனார். எனக்கு அழுகை வந்தது, அதை அடக்கிக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போனேன்.

மறுநாள் முகேஷ்குமார் காலில் செருப்பு புதிதாக இருந்தது. பழையது கண்மாய்க்கரைச் சேற்றிலேயே போய்விட்டதாம். பைக்கை வெளியே இழுக்க நாலு பேர் வேண்டியிருந்தது என்று படங்களோடு எழுதிக்கொடுத்திருந்தார். ரொனால்டு ஆட்சேபிக்க எழுந்தான், படங்களைப் பார்த்தான், உட்கார்ந்தான். வழக்கு முடியும்வரை வண்டிப்பாதையைத் திறந்து வைக்க வேண்டும் என்று உத்தரவானது.

வராந்தாவில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "அந்தக் கடைசி வரிய நீ வாசிக்காம இருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்ல?"

"முடிஞ்சிருக்கும்கா."

"ஒரு நாள் பூவு போச்சு."

"போச்சுதான். ஆனா நேத்து மறைச்சு வாங்கியிருந்தா, அவன் அடுத்த வாரமே புதுத் தாளோட வந்து நின்னுருப்பான். பாதையை மறுபடி மூடியிருப்பாங்க. என்னையும் பொய்க்காரின்னு சொல்லியிருப்பாங்க. இப்ப அவன்கிட்ட சொல்றதுக்கு என்ன இருக்கு?"

அக்கா இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பூப்பறிக்கிற பெண்களைக் கூப்பிட்டார்.

"வெள்ளன வந்துருங்கடி. வண்டிப்பாதையிலேயே வாங்க. எவனாச்சும் மறிச்சான்னா, கம்மாக்கரையையும் பாத்துட்டுத்தான் கோர்ட்டுல இதைத் தொறந்துவிட்டாகன்னு சொல்லுங்க."