பின்னாலிருந்து ஒரு கை

காலை ஏழரைக்குத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பதினாறு பேர் வாசலில் வந்து நின்றபோதுதான், அவர்களுக்குச் சொல்லவில்லை என்பது தம்பிக்கு உறைத்தது. நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அக்காவின் மூச்சு நின்றதிலிருந்து சொந்தக்காரர், வண்டிக்காரர் என்று வரிசையாக எழுதிவைத்துப் போன் செய்தவன், இந்தப் பட்டியலை மட்டும் சட்டைப் பையிலேயே மறந்திருந்தான்.

"என்ன தம்பி, மேடம் இன்னும் ரெடியாகலையா? நான் புது ஷூ வேற வாங்கிட்டேன்," என்றார் ஒருவர். பிறகு கூடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

மாதத்தின் முதல் ஞாயிறு அக்கா இந்த வட்டாரத்தின் பழைய தெருக்களை வருபவர்களுக்கு நடந்தே சுற்றிக் காட்டுவாள். அவள் முன்னால், அவன் கடைசியில். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அவன் பின்னாலிருந்து கை தூக்கினால்தான் அவள் பேச ஆரம்பிப்பாள்.

அக்காவை வண்டியில் ஏற்றும்வரை வந்தவர்கள் யாரும் போகவில்லை.

"சித்தப்பா, வண்டி பழைய தெரு வழியா போகட்டும். நாங்க நடந்து வர்றோம்," என்றான் தம்பி.

"மெயின் ரோட்டுல போனா சுடுகாடு பத்து நிமிஷம்டா. உயிரோட இருந்தப்ப சுத்துனது போதாதா அவளுக்கு?"

பேசினால் தப்பாகிவிடுமோ என்று வழக்கம்போல் பயந்து ஓரடி பின்னால் நகர்ந்தான். சித்தப்பா வண்டிக் கதவைச் சாத்தினார்.

"போதாது சித்தப்பா."

அவர் திரும்பி அவனையே பார்த்தார். "சரி, முன்னாடி நட. எனக்கு முட்டிவலி, பின்னாடி வர்றேன்."

வண்டி ஊர்ந்தது. சோப்புக் கம்பெனிச் சுவர், அதில் பழைய வெள்ளம் விட்டுப்போன கோடு. எங்கும் அவன் நிற்கவில்லை. மூன்று படிகள் இருந்த இடத்துக்கு வந்ததும் கால்கள் தாமாக நின்றன. படிகளுக்கு மேல் வீடில்லை, வெறும் சுவர். இடித்துவிட்ட மருத்துவச்சி வீடு. "நான் இங்க பொறந்தவ. இவன் ஆஸ்பத்திரிப் பிள்ளை, அதான் எதைக் கண்டாலும் பயம்," என்பாள் அக்கா. கூட்டம் திரும்பி அவனைப் பார்த்துச் சிரிக்கும்.

இப்போதும் பதினாறு பேரும் அவனைத்தான் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவன் அவர்கள் தலைகளுக்கு மேல் தெருக்கோடியைப் பார்த்தபடி நின்றான்.

கூட்டத்தின் கடைசியில் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்து கையைத் தூக்கினார்.

"எல்லாரும் வந்தாச்சுடா. சொல்லு."

"எங்கக்கா இங்கதான் பொறந்தா," என்றான்.

தூக்கிய கையைச் சித்தப்பா இன்னும் இறக்கவில்லை.