கலியாண நாளுக்குக் கூப்பிட்ட பேரு

எம் புருசன் மதியழகன் செத்துப் பத்து மாசம் ஆச்சுங்க. போன ஞாயித்துக்கெழம ஆராதனையில எங்க பாஸ்டர் மைக்கப் புடிச்சு அவரக் கலியாண நாளுக்குக் கூப்புட்டாரு.

எங்க பரமத்தி வேலூர் சபையில அது வழக்கம். அந்த வாரம் பொறந்த நாளு, கலியாண நாளு வாரவங்களப் பேரு சொல்லி முன்னால நிறுத்தி ஜெபம் பண்ணுவாங்க. "பிரதர் மதியழகன், சிஸ்டர் கமலவேணி, வாங்க"ன்னாரு. நான் கல்லாட்ட உக்காந்திருந்தேன். "பிரதர் கூச்சப்படறாரு போல, எல்லாரும் கை தட்டுங்க"ன்னாரு. சபைப் பெரியவரு வெங்கடாசலம் ஓடிப்போய்க் காதுல சொன்னதுக்கப்பறந்தான் மைக்கு எறங்குச்சு. அதுக்குள்ள ரெண்டு மூணு பேரு தட்டியும் போட்டாங்க.

இந்தப் பாஸ்டர் வந்து எட்டு மாசந்தான். எம் புருசன் சாவ அவரு பாத்ததில்ல, வாஸ்தவம். ஆனா வாரம் தவறாம மேய்ப்பன், மந்தைன்னு பிரசங்கம் மட்டும் தொண்டை கிழியப் பண்ணுவாரு. அந்தக் கோயிலு கட்டறப்ப இருவத்தியோரு நாளு செவுத்துக்குத் தண்ணி ஊத்துனது எம் புருசன். அதே கோயில உட்டுப்போட்டுக் கரூர்ல எங்கக்கா போற சபைக்குப் போயர்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்குப் பாஸ்டர் கையெழுத்துப் போட்ட லெட்டரு வேணும்.

திங்கக்கெழம கொடிக்கால்ல வெத்தல கிள்ளி முடிச்ச கையோட அவரு ஊட்டுக்குப் போனேன். அவரு சம்சாரம் கதவத் தொறந்தா. பின்னாலயே பாஸ்டரும் வாசலுக்கு வந்தாரு.

"தப்பு நடந்துபோச்சு சிஸ்டர். பழைய லிஸ்ட்டு..."

"லிஸ்ட்டு மேல எதுக்குங்க பழி? எட்டு மாசமா மூணாவது வரிசையில தனியாத்தான உக்காந்திருக்கறேன்? ஊட்டுக்காரரு எங்கம்மான்னு ஒரு நாளு கேட்டீங்களா? எங்கூர்ல ஆடு மேய்க்கறவன் படிக்காதவன். அவனக் கேளுங்க, எந்த ஆடு ஈண்டுச்சு, எந்த ஆடு செத்துச்சுன்னு சொல்லுவான்!"

அவரு தலையக் குனிஞ்சுட்டாரு. "அண்ணன் எப்படிம்மா தவறுனாரு?"

"இப்பக் கேக்காதீங்க!"ன்னேன். "லெட்டரக் குடுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. வாங்கிட்டுத் திரும்பறப்ப, அந்தம்மா குறுக்க வந்து நின்னா.

"எம் பேரு என்னக்கா?"

பாஸ்டரம்மான்னு சொல்ல வாயெடுத்தேன். அதத் தவுர வேற பேரு எனக்குத் தெரியாது.

"நீ உள்ள போ"ன்னாரு பாஸ்டர்.

"நீங்க சும்மா இருங்க! போன மாசம் மூணு ஞாயிறு நான் கோயிலுக்கு வரல. ஏன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களாக்கா? நாலு மாசக் கரு கலஞ்சு சேலத்து ஆஸ்பத்திரியில கெடந்தேன். இவரு இங்க உங்களுக்கெல்லாம் பொறந்த நாளு ஜெபம் பண்ணிட்டிருந்தாரு. உங்களுக்கும் என்னத் தெரியாது, இவருக்கும் தெரியாது!"

அந்த மூணு வாரமும், 'மகராணிக்கு இன்னும் விடியல போல'ன்னு பக்கத்துச் சேர்ல இருந்தவகிட்ட நக்கலடிச்சவ நாந்தான்.

"உம் பேரு என்ன கண்ணு?"ன்னேன்.

"இப்பக் கேக்காதீங்க"ன்னா. உள்ள போய்ப் படார்னு கதவச் சாத்தித் தாப்பாப் போட்டுக்கிட்டா. புருசனும் வெளியதான் நின்னாரு.

எனக்கு அந்தாளு மேல கோவம் தீரலீங்க. ஆனா அவள அப்படியே உட்டுட்டுப் போகவும் மனசு வரல. வாசப்படியில பொத்துனு உக்காந்துட்டேன். பாஸ்டரும் கீழ்ப்படியில உக்காந்தாரு. ஜெபம் கிபம்னு ஆரம்பிச்சாருன்னா எந்திரிச்சுப் போயர்றதுன்னு இருந்தேன். அவரு வாயே தொறக்கல. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு.

நானேதான் சொன்னேன். "ரிக்கு வண்டியில போர்வெல்லு போடப் போனவருங்க. ஆந்திராவுல ராடு உழுந்து நெஞ்சுல அடி. தகவலு சொன்னது டிரைவரு. நான் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. மூஞ்சில மண்ணக்கூடத் தொடைக்காம வெச்சிருந்தாங்க. எஞ் சீலையிலதான் தொடச்சேன்."

சொல்லி முடிச்சதும் எனக்கு அழுகை பொத்துக்கிச்சு. பத்து மாசத்துல இத யாருகிட்டயும் இப்படிச் சொன்னதில்ல.

கதவு தொறக்கல. ஆனா அவ கதவுக்குப் பின்னாலயே நின்னிருக்கறான்னு தெரிஞ்சுது. மூக்க உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு.

"அறிவுச்செல்வி"ன்னா உள்ளருந்து. "எம் பேரு அறிவுச்செல்விக்கா."