கேஸ்கட்டுக்கு ஊற்றிய டீசல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் வேனில் ஏறும் எல்லோருக்கும் தெரியும். தையல் ஆலைக்குத் தினமும் பதினான்கு பெண்களை ஏற்றிப்போய் இறக்குகிறேன். வண்டியும் என்னுடையது, டிரைவரும் நானே.

திங்கட்கிழமை ஆலை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எண்ணெய்க் கிணறு வச்சிருக்கற நாடுங்க விலையை ஏத்தியே எதிரி நாட்டைக் கவுக்கப் பாக்குதாம்மா. குண்டு போடாத போருங்கறாங்க. வாரத்துக்கு அறுபது லிட்டர் டீசல் குடுத்தோம்ல, அடுத்த வாரத்துலேருந்து அம்பத்தஞ்சுதான். அதுக்குள்ள ஓட்டிக் காட்டு. இல்லேன்னா வண்டியை நிறுத்தச் சொல்லிட்டாங்க."

நிறுத்தினால்? அந்தப் பக்கம் வேறு பஸ் கிடையாது. பதினான்கு பேர் வேலையும் போச்சு, என் பிழைப்பும் போச்சு.

நானும் தலைகீழாக நின்று பார்த்தேன். ஏசியை அணைத்தேன். சிக்னலில் எஞ்சினை நிறுத்தினேன். ஸ்பேர் டயரைக்கூட வீட்டில் இறக்கி வைத்தேன். வியாழன் வரை அரை லிட்டர்கூட மிஞ்சவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். என் வண்டியில் ஓரகத்திகள் இருவர் வருகிறார்கள். அண்ணன் தம்பி ஒரே வீட்டை நடுவில் பிரித்துக்கொண்டார்கள். பெரியவளுக்கு வாசல் முன் தெருவில், சின்னவளுக்குப் பின் தெருவில். இடையில் இருந்த கதவைப் பெரியவள் பீரோவை வைத்து அடைத்துவிட்டாள். எல்லாம் ஒரு குக்கர் கேஸ்கட்டால் வந்த வினை. இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சின்னவள் சொல்கிறாள். வந்து சேரவில்லை என்கிறாள் பெரியவள். நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "அவ வாசல்ல வந்து நான் நிக்கணுமா?" என்று சின்னவள் வீம்பு பிடிக்க, ஒருவழித் தெருவில் நான்கு கிலோமீட்டர் சுற்றிப்போய் அவளை ஏற்றுகிறேன். மாலையிலும் அதே சுற்றல். வாரத்துக்கு அதுவே ஐந்து லிட்டர்.

வியாழன் மாலை வண்டியில் விஷயத்தைச் சொன்னேன். ஒரே கூச்சல். முன் சீட்டிலிருந்த பெரியவள் கேட்டாள்: "எவனோ எண்ணெய் விலையை ஏத்தினா, அதுக்கு எங்க வீட்டுக் கதவு என்ன பண்ணும்?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வண்டியை ஓரங்கட்டினேன்.

"அவங்க சண்டை போடறதுக்கு எண்ணெய்க் கிணறாவது இருக்கு! உங்க ரெண்டு பேருக்கும் என்ன இருக்கு? ஒரு ரப்பர் வளையம்! நாலு வருஷமா அந்தக் கேஸ்கட்டுக்கு டீசல் ஊத்திட்டிருக்கேன் நான்!"

வண்டி முழுக்கச் சிரித்தது. பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. கடைசி சீட்டிலிருந்து சின்னவளின் குரல் மெதுவாக வந்தது.

"அப்ப நான் வேலையை விட்டுடறேன்கா. என்னால மத்தவங்க பொழப்பு கெட வேண்டாம்."

சிரிப்பு நின்றது. எனக்குச் சுருக்கென்றது. இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வேன்? பெரியவள் திரும்பியே பார்க்கவில்லை. கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

மறுநாள் காலை முன் தெருவில் ஹாரன் அடித்தேன். பெரியவளைக் காணோம். ஒரு நாளும் தாமதிக்காதவள். உள்ளேயிருந்து கரமுரவென்று எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. "யம்மா, காலு, காலு!" என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் ஒரே சிரிப்பு.

கதவு திறந்தது. பெரியவள் வந்தாள், புடவையெல்லாம் ஒட்டடை. அவளுக்குப் பின்னால், அதே வாசலிலிருந்து, சாப்பாட்டுப் பையோடு சின்னவள்.

வண்டிக்குள் விசில் பறந்தது. பெரியவள் யாரையும் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்.

"பீரோவுக்கு அடியிலதான் கெடந்துச்சு அந்தச் சனியன். வறண்டு வெடிச்சுப்போச்சு. இவ கதவோரமா வச்சிட்டுத்தான் போயிருக்கா. நான்தான் பாக்காம அதுமேலயே பீரோவை இழுத்து வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு நேராகக் கடைசி சீட்டுக்கு நடந்தாள்.

"ஏன்கா, உங்க எடம் முன்னாடியாச்சே?" என்றேன்.

"அவ உக்காரட்டும். பின்னாடி உக்காந்தா அவளுக்குக் குமட்டும்."

நான்கு வருடமும் தெரிந்திருக்கிறது இவளுக்கு! சின்னவள் முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கித் தொலைத்தது. கியரைப் போட்டேன்.

பின்னாலிருந்து பெரியவள் குரல் கொடுத்தாள். "சாயந்தரம் ரெண்டு பேரையும் இங்கயே எறக்கி விட்டுடு. பீரோ இனிமே அந்தப் பக்கம் போகாது."