ரோன்சாட்டி காரின் எண்

என் கணவர் எவரிஸ்தோவுக்கு என் இரண்டு காதுகளும் தெரியும்; மூக்கு தெரியாது. பார்வையின் ஓரங்கள் நன்றாகவே இருக்கின்றன, நடுவில் மட்டும் ஒரு கறை. அது மாதத்துக்கு மாதம் பெரிதாகிக்கொண்டு வருகிறது. இலையுதிர் காலத்தில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனால் கிடைக்காது என்று பொலோன்யா நகரத்துக் கண் மருத்துவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். "முகத்துக்கு நேரா சொன்னாரு, ஆனா அந்த முகம் எங்க எனக்குத் தெரிஞ்சுது" என்று வீடு வரும் வரை இவர் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே ஜூன் மாத மலையேற்றப் பந்தயம்தான் கடைசி வாய்ப்பு. பழைய கார்களுக்கான பந்தயம் அது. சாலையை அடைத்துவிட்டு ஒவ்வொரு காராக மேலே விடுவார்கள். அதில் இவர் தன் ரோன்சாட்டியை ஓட்ட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். புத்தி உள்ள எவளும் இதற்குச் சம்மதிக்க மாட்டாள். நான் சம்மதித்தேன். இந்த மனிதர் ஒருமுறையாவது அந்த மலை உச்சியில் இறங்கி நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் வெறி பிடித்திருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு எங்கள் பக்கத்தில் மாவு மில் வைத்திருந்தவன்கூடப் பந்தயக் கார் செய்தான். ஃபியட் குட்டிக் காரின் எஞ்சினை எடுத்து, கிடைத்த குழாய்களைப் பற்றவைத்து அடிச்சட்டமான சேஸைக் கட்டி, அலுமினியத் தகட்டை மரக்கட்டை மேல் வைத்துத் தட்டிப் போர்த்திவிட்டால் கார் தயார். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் அதைத் தூக்கிக்கொண்டே போய்விடலாம். ரோன்சாட்டி அண்ணன் தம்பி இருவரும் இப்படி ஒரு டஜன் கார்களைச் செய்துவிட்டுக் கடையை மூடினார்கள். அதில் பதினோராவது கார் பெரிய பெரிய கார்களைப் பின்னால் தள்ளிவிட்டு மலையேறிய அன்று, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுச் சாலையோரச் சுவரில் உட்கார்ந்திருந்தவர் எவரிஸ்தோ. இவருக்குப் பைத்தியம் பிடித்தது அன்றுதான்.

தேனிலவுக்குக் கடலுக்குப் போகிறோம் என்று கிளப்பிக்கொண்டு போய், என்னை ஒரு காயலான் கடையில் நிறுத்திய ஆள் இவர். எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பாடு முடியுமுன் அந்த வீட்டுக் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவார். கடைசியில் அந்தப் பதினோராவது கார் ஃபெர்ராரா ஊருக்குப் பக்கத்துப் பேரிக்காய்த் தோப்பு ஒன்றில் கிடைத்தது. எஞ்சின் தோப்புக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது, உடம்பு மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. தோப்புக்காரர் பத்திரமாக வைத்திருந்த பழைய பதிவுப் புத்தகத்தில் எண் 011 என்று இருந்தது. அன்று இவர் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதார்.

அதைத் தேற்றி எடுக்கப் பல வருடங்கள் ஆயின. எல்லாம் முடிந்த பிறகுதான் இடி விழுந்தது. பழைய கார்களுக்கான பதிவகத்தின் சான்று இல்லாத காரைப் பந்தயக்காரர்கள் வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். பதிவகத்து ஆள் முதலில் பார்ப்பது சேஸில் அடித்திருக்கும் எண்ணைத்தான். ரோன்சாட்டி கார்களைப் பற்றி ஒரே ஒரு புத்தகம்தான் உண்டு. அதில் இருக்கும் படத்தில் எண் முன்பக்கக் குறுக்குக் குழாயில் இருக்கிறது. எங்கள் காரில் அந்த இடத்தைத் துரு தின்று, அம்மைத் தழும்பு போல ஆக்கிவைத்திருந்தது. எண்ணின் சுவடே இல்லை.

டிங்கர் பட்டறை வைத்திருக்கும் லியார்கோ, இவருடைய பால்ய சிநேகிதன், எண் பொறிக்கும் இரும்பு அச்சுகளோடு வந்து நின்றான்.

"அடிச்சுடு. கார் 011, நம்பரும் 011. அழிஞ்சு போன உங்கப்பன் பேரை கல்லறையில மறுபடி வெட்டினா அப்பன் மாறிடுவானா?"

"உன் திருட்டுப் புத்தியை உன் பட்டறையோட வச்சுக்க" என்றேன். பிறகு இவர் பக்கம் திரும்பினேன். "துரு தின்னுடுச்சுன்னா தின்னுடுச்சுன்னு சொல்லேன்யா. காலியாவே காட்டு."

"காலியா காட்டினா தோப்புல கிடைச்ச குழாய்னு எழுதிட்டுப் போவான். அப்புறம் வா, அந்தக் காகிதம் கொண்டா, இந்தக் காகிதம் கொண்டான்னு குளிர்காலம் வரைக்கும் இழுப்பான். குளிர்காலத்துல என்கிட்ட என்ன இருக்கும் ஃபோஸ்கா?"

லியார்கோவிடமிருந்து அச்சுகளை வாங்கி, இவரே அடித்தார். நேராகப் பார்த்தால் தெரியாது என்பதால் கோழி மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு அடித்தார். கடைசி எண் சற்றுச் சாய்ந்து விழுந்தது. சாலட்டுக்கு வைத்திருந்த வினிகரையும் உப்பையும் தடவித் துருப்பிடிக்க வைத்து, இரண்டு கிழவர்களும் அந்த எண்ணுக்கு வயதேற்றினார்கள்.

சனிக்கிழமை காலையில் பதிவகத்திலிருந்து இன்ஜினியர் மலகுத்தி வந்தார். ஒல்லியான ஆள். காபி கொடுத்தேன், காரைப் பார்த்த பிறகு குடிக்கிறேன் என்றார். முன்குழாயை லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் மல்லாந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தலையை நுழைத்தார்.

"சார், எண் முன்னாடி இருக்கு" என்றார் எவரிஸ்தோ.

"முன்னாடி இருக்கறதைப் பாத்தேன். இங்க கொஞ்சம் பெயிண்டைச் சுரண்டலாமா?"

சுரண்டினார். துணியால் துடைத்தார். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "சின்யோரா, நீங்க வந்து பாருங்க."

குனிந்து பார்த்தேன். நகம் அளவுக்குச் சின்னதாக, ஆழமாக, ஒரே வரிசையில் மூன்று எண்கள். பூஜ்யம், ஒன்று, ஒன்று.

"புத்தகத்துல இருக்கறது பன்னிரண்டாவது காரோட படம்" என்றார் மலகுத்தி. "அண்ணன் செத்த பிறகு தம்பி தனியா செஞ்சது. அண்ணன் இருந்த வரைக்கும் எண்ணை சீட்டுக்குப் பின்னாலதான் அடிப்பார். முன்னாடி இடிச்சா போயிடும்னு பயம். இந்தக் காரோட முன்குழாய்ல எண்ணே இருந்ததில்ல."

துரு எந்த எண்ணையும் தின்னவே இல்லை.

எவரிஸ்தோ என் கையைப் பிடித்தார். "அப்ப இது அதுதான். ஃபோஸ்கா, இது அதேதான்." அந்த ஒரு நிமிடம் நானும் முட்டாள்போலச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மலகுத்தி எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டார். "அப்ப முன்னாடி இருக்கறதை அடிச்சது யாரு?"

"வாங்கும்போதே இருந்துச்சு" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

"சின்யோரா, இந்தத் துருவுக்கு ஒரு மாசம்கூட ஆகல."

"நான்தான் அடிச்சேன்" என்றார் எவரிஸ்தோ. "இவளை விடுங்க. இவ வேண்டாம்னுதான் சொன்னா."

மலகுத்தி கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "காலியா விட்டிருந்தா இந்நேரம் கையெழுத்து போட்டிருப்பேன். ஒரு எண் பொய்னா முழு சேஸும் எங்க பதிவகத்து நிபுணர் குழுவுக்குப் போகணும். வருஷக்கணக்காகும். சிலது திரும்பி வந்ததே இல்ல."

"ராவிடறோம்" என்றேன். "அரம் இருக்கு. இப்பவே ராவிடறோம். நீங்க காபி குடிச்சிட்டு வாங்க, ஒண்ணுமே இருக்காது."

"நான் பாத்தாச்சு."

"பாக்காத மாதிரி போங்க. இவருக்குக் கண்ணு போயிட்டிருக்கு, சார். இந்த ஜூனை விட்டா இவருக்கு வேற ஜூன் கிடையாது." என் குரல் எனக்கே பிச்சைக்காரி குரலாகக் கேட்டது. அதற்காக வெட்கப்பட எனக்கு நேரம் இல்லை. அவர் காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன்.

அவர் எவரிஸ்தோவின் முகத்தைப் பார்த்தார். சாய்ந்திருக்கும் அந்தத் தலை ஏன் அப்படிச் சாய்ந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது போல இருந்தது.

"முன்னாடி அடிச்ச கைதான் பின்னாடியும் அடிச்சிருக்கும்னு நாளைக்கு ஒருத்தன் சொன்னா, நான் என்ன பதில் சொல்றது?" என்றார் மெதுவாக. "நீங்களே சொல்லுங்க, சின்யோரா."

பொய்யை மெய்யின் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தது நாங்கள்தான். லியார்கோவின் அச்சுகளை அவன் தலையிலேயே அடிக்க வேண்டும்போல் இருந்தது. இவரை நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது. இவர் கையை விடவும் மனம் வரவில்லை.

மலகுத்தி காகிதங்களைப் பைக்குள் வைத்தார். காபியைத் தொடவில்லை. வாசலுக்குப் போகும்போது எவரிஸ்தோ கூப்பிட்டார்.

"சார், எழுத வேண்டாம். வாயால மட்டும் சொல்லுங்க. இது அதுதானே?"

அவர் திரும்பாமலே வாசற்படியில் நின்றார்.

"அதுதான்" என்றார். பிறகு போய்விட்டார்.

எவரிஸ்தோ தடவித் தடவி வந்து காருக்குள் ஏறினார். அந்தக் குட்டி இருக்கையில் முழங்கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தார். நான் பக்கத்து இருக்கையின் மேல் கையை வைத்தபடி நின்றேன்.

"ஃபோஸ்கா, கொட்டகைக் கதவை நல்லாத் திறயேன். வெளிச்சம் பத்தல."

கதவு இரண்டு பக்கமும் அகலத் திறந்தேதான் இருந்தது. வெயில் அவர் மடி வரை விழுந்திருந்தது.

"திறந்துட்டேன்" என்றேன்.